சேற்றில் ஒன்பது நிமிடம்

ஹில்லர்ஸீல், 31 ஜனவரி 1988

அன்புள்ள ஓக்கோ அண்ணா,

உன் மூட்டுவலியும் ரோஸ்விதா அண்ணியின் இருமலும் எப்படி இருக்கின்றன? தொலைபேசியில் கேட்டால் நீ வேலை செய்யும் சமையல்கூடத்தின் சத்தத்துக்கு மேல் கத்துகிறாய், எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அதனால் பழையபடி கடிதம்.

டாக்டர் ஃபோல்கெர்ட்ஸ் என் இரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்தார். 178க்கு 102. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை என்று ஏற்கெனவே இரண்டு விழுங்குகிறேன். "இந்த அளவோட ஏப்ரல்ல நான் சான்றுல கையெழுத்துப் போட மாட்டேன், தேடா. வேற யாராவது கூட்டிட்டுப் போகட்டும். நீங்க கரையில நின்னு கை காட்டுங்க" என்றார். அந்தச் சான்று இல்லாவிட்டால் மாவட்ட அலுவலகம் உரிமம் தராது. கடல் வற்றும் நேரத்தில் தீவுவரை ஆட்களை நடத்திக் கூட்டிப் போவதை இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செய்கிறேன். கரையில் நின்று கை காட்ட நான் கலங்கரை விளக்கமா?

மருந்துக்கடையில் நோன்பு பற்றி ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. தெற்கே ஒரு டாக்டர் எழுதியது. ஏழு நாள், திட உணவு கிடையாது. அதன்படியே செய்தேன். காலையில் பழச்சாறு கால் லிட்டர், மாலையில் காய்கறி வடிசாறு, நடுவே "தேநீர், வேண்டிய அளவு". ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கோப்பை குடித்தேன். மதியம் வலது விலாவுக்குக் கீழே வெந்நீர்ப் பை வைத்துப் படுத்தேன், புத்தகம் சொன்னபடி.

வீட்டுத் தராசு எண்பதோடு நின்றுவிடுகிறது. மீன் கூடத்துத் தராசில் ஏறினேன். தொடங்கும்போது 94.6. முடியும்போது 94.3. முந்நூறு கிராம்! ஒரு தட்டைமீன் அதைவிட எடை. என்ன தவறு என்று தெரியவில்லை. நீ நாற்பது வருஷம் சமைத்தவன், சொல்.

கடல் அமைதி. கடலோர மண் அணை வழுக்குகிறது. நீ குளிரில் வெளியே போகாதே.

உன் தங்கை,
தேடா


பாம்பெர்க், 9 பிப்ரவரி 1988

அன்புத் தங்கை தேடாவுக்கு,

என் மூட்டு அப்படியே இருக்கிறது. அண்ணியின் இருமல் சிரிப்பால் கூடிவிட்டது. காரணம் உன் கடிதம்.

ஒரு கேள்வி. அந்தப் பன்னிரண்டு கோப்பைத் தேநீரில் என்ன போட்டாய்? நம் ஊர்க்காரி என்ன போடுவாள்! கோப்பையின் அடியில் ஒரு கற்கண்டுக் கட்டி, மேலே ஒரு கரண்டிப் பாலேடு. பன்னிரண்டு தரம். அடி பெண்ணே, புத்தகம் எழுதியவர் தெற்கத்தியான். தேநீர் என்று அவன் சொன்னது சோம்பு வேகவைத்த தண்ணீரை. நீ ஏழு நாள் பாலேட்டில் மிதந்திருக்கிறாய். சமையல்கூடத்தில் படித்துக் காட்டினேன். எங்கள் பாத்திரம் கழுவுகிறவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு போகட்டும். போர் முடிந்த பிறகு வந்த நாற்பத்தாறு குளிர்காலத்தில் நீ எப்படி இருந்தாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. உனக்குப் பதினாறு வயது, முப்பத்தொன்பது கிலோ. கால்நடைக்குப் போடும் கிழங்கை வேகவைத்துத் தின்றோம். அதைப் பார்த்தவன் நான், இப்போது நீயாகவே பட்டினி கிடப்பதைப் பார்க்கச் சொல்கிறாயா? அதற்கப்புறம்தான் நான் கப்பலில் சமையல்காரனாகப் போனேன். ஏன் என்று உனக்குத் தெரியும்.

சாப்பிடு. கரையில் நின்று கை காட்டினால் உயிர் போய்விடாது. இன்று எங்களுக்குப் பன்றி வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும்.

அண்ணன்,
ஓக்கோ


ஹில்லர்ஸீல், 6 மார்ச் 1988

அண்ணா,

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள். பாத்திரம் கழுவுகிறவரும் நலமாகச் சிரிக்கட்டும்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று மறுபடி தொடங்கினேன். ஏழு நாள். கற்கண்டு இல்லை, பாலேடு இல்லை, சோம்புத் தண்ணீர். பக்கத்து வீட்டு ஆல்மூத் கூப்பிட்டு உட்காரவைத்து ஊற்ற வந்தாள். நான் வெறும் கோப்பையில் கரண்டியைப் போட்டுவிட்டேன். மூன்று கோப்பை குடித்த பிறகு, போதும் என்பதற்குப் போட வேண்டிய கரண்டி!

"என் வீட்டுத் தேநீர்ல என்னடி குறை?"

"தேநீர்ல ஒண்ணும் இல்ல ஆல்மூத். குறை என் ரத்தத்துல."

"ரத்தத்துக்கும் என் பாலேட்டுக்கும் என்ன சண்டை?" என்று கேட்டவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முதல் நாள் பேதி உப்பு. அதைப் பற்றி எழுத வேண்டாம். இரண்டாம், மூன்றாம் நாள் தலைவலி, எரிச்சல், நாக்கில் வெள்ளைப் படிவு, வாய் நாற்றம். இரண்டு காலுறை போட்டும் பாதம் சில்லிட்டது. நான்காம் நாள் காலை பசி போய்விட்டது, யாரோ விளக்கை அணைத்த மாதிரி. ஐந்தாம் நாள் மோதிரம் தானாகக் கழன்று கழுவுதொட்டியில் விழுந்தது. ஆறாம் நாள் கணுக்கால் எலும்பைப் பார்த்தேன். மூன்று வருஷமாக அது வீக்கத்துக்குள் இருந்தது. மாடிப்படியில் கைப்பிடி பிடிக்காமல் ஏறினேன். தூக்கம் மட்டும் நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை.

தராசு: 94.1லிருந்து 89.0. சாப்பிடத் தொடங்கியதும் ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது. அதையும் மறைக்கவில்லை.

நாற்பத்தாறைச் சொன்னாய். அன்று தட்டு காலியாக இருந்தது, நான் கேட்டும் எதுவும் வரவில்லை. இன்று அலமாரி நிறைய இருக்கிறது, நான் கதவைச் சாத்துகிறேன். இரண்டும் ஒன்று என்று சொல்ல உனக்கு உரிமை கிடையாது. அந்த முப்பத்தொன்பது கிலோ என்னுடையது.

தேடா


பாம்பெர்க், 20 மார்ச் 1988

அன்புத் தேடாவுக்கு,

இங்கே பனி உருகிவிட்டது. அண்ணி தேறிவிட்டாள். நான் அதிகமாகச் சிரித்துவிட்டேன் என்கிறாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உன் கணுக்கால் எலும்பைப் பற்றிப் படித்தபோது சந்தோஷப்பட்டேன். அம்மாவுக்கும் அதே வீக்கம்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நோன்பு இருக்கும்போது அந்த இரண்டு மாத்திரைகளையும் விழுங்கினாயா? டாக்டரிடம் சொன்னாயா? எங்கள் சமையல்கூடத்துக் கணக்கர் ஒருவர் நீர் மாத்திரை விழுங்கிக்கொண்டே வெயிலில் நடந்து விழுந்தார். அதனால் கேட்கிறேன்.

இன்று பயறுக் கஞ்சி, லேசாக.

ஓக்கோ


ஹில்லர்ஸீல், 24 ஏப்ரல் 1988

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இருவரும் சுகம்தானே? எனக்கு நல்ல செய்தி. டாக்டர் மூன்று முறை பார்த்தார், 142க்கு 86. கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு நான்காம் முறையும் பார்த்தார். "என்ன பண்ணினீங்க?" என்றார். "உப்பைக் குறைச்சேன்" என்றேன். கையெழுத்துப் போட்டார். உரிமம் வந்துவிட்டது.

முதல் நடை 16ஆம் தேதி. கடல் வற்றம் காலை 10.52. ஒன்பது பேர், மூன்று மணி ஐந்து நிமிடம். இரண்டாவது 19ஆம் தேதி, வற்றம் 12.40, பதினோரு பேர். முழங்கால் வலிக்கவில்லை. திரும்பும் படகில் மற்ற வழிகாட்டிகள் சாய்ந்து தூங்கினார்கள், நான் நின்றுகொண்டு வந்தேன். எங்கள் சங்கத் தலைவர் ஹின்னர்க், "உனக்கு யார் புதுக் கால் மாட்டிவிட்டது?" என்று கேட்டார்.

மே மாதத்தில் இன்னொரு முறை நோன்பு இருக்கப் போகிறேன். எண்பத்தைந்துக்குக் கீழே போக வேண்டும். உன் மூட்டுக்கும் நல்லது, யோசித்துப் பார்.

தேடா


பாம்பெர்க், 1 மே 1988

தேடா,

சுகம். உரிமத்துக்கு வாழ்த்து. உப்பைக் குறைத்தேன் என்று டாக்டரிடம் சொன்னதைப் படித்தேன். என் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது, இல்லையா? அவரிடம் போய் உண்மையைச் சொல்.

ஓக்கோ


ஹில்லர்ஸீல், 29 மே 1988

அன்புள்ள அண்ணா,

இங்கே சுகம். அண்ணிக்கு என் அன்பு.

15இலிருந்து 21வரை நோன்பு. 88.9லிருந்து 84.4. தோல் சற்று உலர்ந்திருக்கிறது. ஆல்மூத் பேசுகிறாள். அணையில் ஆட்டுக்குட்டிகள் நிறைய. வேலிக்கு வண்ணம் அடித்தேன்.

தேடா


பாம்பெர்க், 12 ஜூன் 1988

தேடா,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில், கோடைக் கடிதம் எதிலும் வற்ற நேரம் எழுதாமல் நீ விட்டதில்லை. எத்தனை பேர், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், எல்லாம் இருக்கும். எனக்கு அலுப்பாகக்கூட இருக்கும். மே 29 கடிதத்தில் ஆட்டுக்குட்டி இருக்கிறது, வேலி இருக்கிறது, கடல் இல்லை.

கடலில் என்ன நடந்தது?

ஓக்கோ


ஹில்லர்ஸீல், 17 ஜூலை 1988

அண்ணா,

ஐந்து வாரம் பதில் போடவில்லை. நீ இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். முதலில் உனக்கு எழுதியிருந்தால் நீ தடுத்திருப்பாய்.

மே 19, நோன்பின் ஐந்தாம் நாள். பதினான்கு பேரைக் கூட்டிப் போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. உடம்பு இறகு மாதிரி இருந்தது, அதுதான் காரணம். காலையில் இரண்டு மாத்திரைகளையும் வழக்கம்போல விழுங்கினேன். வற்றம் 11.40. வற்றிய கடலிலும் தண்ணீர் ஓடும் கடைசி ஓடையை 12.20க்குள் கடந்தாக வேண்டும், அப்புறம் கடல் ஏறும். ஓடைக் கரைக்கு 12.05க்கு வந்தோம். நேரம் தாராளம்.

இறங்கும் முன் தலைகளை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி, பதினொன்று. மறுபடி, பதினைந்து. ஆட்கள் அசையாமல்தான் நின்றார்கள், எண்கள்தான் என் கையில் நிற்கவில்லை. பிறகு காதில் இரைச்சல், கால் இல்லை. சேற்றில் மண்டியிட்டேன்.

இப்போது சிரிப்பு வரும் இடம். வழிகாட்டிகள் நாங்கள் சேற்றில் மண்டியிடுவது மணற்புழுவைத் தோண்டிக் காட்டுவதற்குத்தான். எல்லோரும் என்னைச் சுற்றி வந்து குனிந்தார்கள். காஸெல் ஊர் ஆசிரியை ஒருத்தி, "எங்கே? எங்களுக்கும் காட்டுங்க!" என்றாள். நான் கையைச் சேற்றுக்குள் விட்டேன். புழு கிடைத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது மணலைத் தின்று மணலைக் கழிக்கும் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கண் தெளிந்தது. எழுந்தபோது கடிகாரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம்.

அப்புறமும் நான் மெதுவாகத்தான் நடந்தேன். கடைசி ஆள் அக்கரை ஏறியபோது 12.27. தொடையளவு இருக்க வேண்டிய தண்ணீர் இடுப்புக்கு மேலே. அந்த ஆசிரியை குள்ளம், அவளுக்கு நெஞ்சு வரை. சிரித்துக்கொண்டே கடந்தாள். தீவில் இறங்கியதும் என் கையைக் குலுக்கி, "புழுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

யாருக்கும் தெரியாது. நான் மூன்று வாரம் வேலிக்கு வண்ணம் அடித்தேன். பிறகு உன் கடிதம் வந்தது.

ஹின்னர்க்கிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். "யாருக்கும் தெரியாதுல்ல? அப்புறம் எதுக்கு வாயைத் திறக்கிற?"

"புழுவுக்குத் தெரியும்" என்றேன்.

மாவட்ட அலுவலகத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன், நேரங்களோடு. உரிமத்தை நிறுத்திவைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் மறு விசாரணை.

பிறகு டாக்டரிடம் போனேன். இதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நோன்பு மட்டும் உங்களைச் சாய்க்கலை, தேடா. நோன்பே அழுத்தத்தை இறக்குது, நீரையும் பிரிக்குது. அதுக்கு மேல நீங்க ரெண்டு மாத்திரையையும் முழுசா போட்டிருக்கீங்க. எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா விட மாட்டீங்கன்னுதான்."

"விட்டிருப்பேன். நீர் மாத்திரையை நிறுத்தி, இன்னொண்ணைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லி, கடல் பக்கம் போகாதீங்கன்னு சொல்லி விட்டிருப்பேன்."

சாத்தியிருக்கிறது என்று நான் நினைத்த கதவு திறந்தே இருந்திருக்கிறது, அண்ணா.

ஆனால் நோன்பை விடப் போவதில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேடா


பாம்பெர்க், 23 ஜூலை 1988

என் தேடா,

அண்ணியிடம் படித்துக் காட்டினேன், புழு வரும் இடம்வரை. அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, அவள் வாங்கிப் படித்தாள்.

முதல் குற்றவாளி நான். பிப்ரவரியில் உன்னைப் பார்த்து ஒரு சமையல்கூடமே சிரித்தது. சிரித்திராவிட்டால் நீ எனக்கும் டாக்டருக்கும் மறைத்திருக்க மாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரிந்ததுதானே. அதைச் சீண்டுவது நெருப்பில் நெய் விடுவது என்றும் தெரியும்.

இருந்தும் கேட்கிறேன். அழுத்தம் குறைந்துவிட்டது, எடை குறைந்துவிட்டது, உரிமம் போய்விட்டது. இனி எதற்கு? போதுமே.

இன்று என்ன சமைத்தேன் என்று எழுதவில்லை.

அண்ணன்,
ஓக்கோ


ஹில்லர்ஸீல், 18 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் காளான் ஊறுகாய் வந்து சேர்ந்தது. ஆல்மூத்தும் நானும் ஒரே மூச்சில் பாதிப் புட்டியை முடித்தோம். ஆமாம், மூன்று கோப்பைத் தேநீரோடு, கற்கண்டோடு. நான் சாமியாராகிவிடவில்லை.

இனி எதற்கு என்று கேட்டாய். ஐம்பத்தெட்டு வயதில் என் உடம்பு என் சொல்லைக் கேட்ட முதல் தடவை இது. அதற்காக.

ஆகஸ்டில் டாக்டர் கண்காணிப்பில் ஒரு முறை நோன்பு இருந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கையை நீட்டினேன். நான்காம் நாள் எழுந்து நின்றதும் அழுத்தம் இறங்கியது. அவர் மீதிப் பாதி மாத்திரையையும் நிறுத்தினார். மயக்கம் வரவில்லை. தலைவலியும் குளிரும் வந்தன, அவை எப்போதும் வரும். இப்போது சாதாரண நாட்களில் ஒரே மாத்திரை. அழுத்தம் 136க்கு 84. எடை 83.7. அவர் சான்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. உரிமம் திரும்ப வேண்டுமானால் ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். "இனி எக்காலத்திலும் நோன்பு மேற்கொள்ள மாட்டேன்." கெடு இம்மாதக் கடைசி.

கடலும் வேண்டும், இதுவும் வேண்டும். என்ன செய்வது என்று உன்னிடம் கேட்கவில்லை. தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

தேடா


ஹில்லர்ஸீல், 9 அக்டோபர் 1988

அன்புள்ள அண்ணா, அண்ணி,

உன் தந்தி வந்தது. "கையெழுத்துப் போடு. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்." அண்ணா, மே 19இலும் யாரும் பார்க்கவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். பென்னிங்கா என்ற அதிகாரி, இளைஞர், மரியாதையானவர். அவர் முன்னாலேயே அந்த வரியை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: "நோன்பு நாட்களிலும் அதற்குப் பிறகு பத்து நாட்களும் யாரையும் கடலுக்குள் கூட்டிப் போக மாட்டேன். தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்வேன்." அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இதுல எதையும் மாத்தி எழுத இடம் இல்லைங்க."

"ஓரத்துல இருக்கு பாருங்க."

"நாங்க கேட்டது இது இல்லையே."

"நீங்க கேட்டதை எழுதினா அது பொய். நான் எழுதினதை நான் செய்வேன். என்னைப் பத்தி நானே உங்ககிட்ட வந்து சொன்னவ. உங்களுக்கு எது வேணும், பொய்யா, பாதுகாப்பா?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "இதை எந்தக் கோப்புல வைக்கிறதுன்னே எனக்குத் தெரியலையே" என்றார்.

"அது உங்க வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேருந்தில் கால் நடுங்கியது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன், ஆகவே அது பயம்தான்.

பன்னிரண்டு நாள் எதுவும் வரவில்லை. 3ஆம் தேதி உறை வந்தது. உள்ளே உரிமம். அதோடு என் ஓரக்குறிப்பைத் தட்டச்சு செய்து இணைத்திருந்தார்கள், ஒரு சொல்லும் மாறாமல். இனி வழிகாட்டிகள் எல்லோரும் நடைக்கு முன் என்ன மாத்திரை, என்ன சாப்பாடு என்று சங்கப் பதிவில் எழுத வேண்டும் என்றும் ஒரு சுற்றறிக்கை. ஹின்னர்க் வந்து, "நாங்க குடிக்கிற பீரையும் எழுதணுமாமே, உன்னால!" என்று கதவைத் தட்டினார். "எழுதுங்க, தாள் பத்தலைன்னா நான் தர்றேன்" என்றேன்.

நேற்று பருவத்தின் கடைசி நடை. வற்றம் 9.25, தென்மேற்குக் காற்று, மழை. நான்கே பேர். மூன்று மணி இரண்டு நிமிடத்தில் தீவு. கரையேறியதும் விடுதிக்காரர் ரிக்லெஃப் பட்டாணிக் கஞ்சிப் பானையோடு நின்றார். என்னைக் கண்டதும் அகப்பையைப் பின்னுக்கு இழுத்தார். ஊர் முழுக்கக் கதை தெரியும்.

"உனக்கு ஊத்தலாமா கூடாதா? ஆபீஸ்ல கேட்டுட்டு வரவா?"

தட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இன்னிக்கு நான் நடக்கிற நாள், ரிக்லெஃப். ஊத்து. இறைச்சித் துண்டையும் சேர்த்துப் போடு."

இரண்டு தட்டு, ஓக்கோ. கணுக்கால் எலும்பு நன்றாகத் தெரிகிறது. அடுத்த நோன்பு ஜனவரியில்.

நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள். நான் சுகம்.

உன் தங்கை,
தேடா